அடிக்கு இவ்வளவு, நிமிஷத்துக்கு இவ்வளவு

அண்ணன் தீர்த்தகிரி இப்போது
டோடோமாவுக்கு அப்பால் ஏதோ ஒரு செம்மண்ணில்
போர் வண்டியோடு நிற்கிறான்.
நெட் கிடையாது.
'ரெண்டு புள்ளி டவர் இருக்கு, பேச்சு மட்டும் வரும்' என்று
லீவில் வந்த ராடு மாட்டுகிற பையன் சொன்னான்.

பேச்சு மட்டும் வரும்.
அதன் விலையைக் கேட்டுக்கொண்டு
அஞ்சு ரோட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன்,
பஸ் காசும் மிச்சம்.

முதல் கடையில் நிமிஷம் இருபத்தெட்டு ரூபாய்.
அதாவது ஒரு தட்டுவடை செட்.
கார சட்னி இன்னொரு கரண்டி கேட்டால் முப்பது.

இரண்டாவது கடையில் ஒரு பேக் இருந்தது.
நாடுகளின் பட்டியலும் இருந்தது:
அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், துபாய்,
நான் கேள்வியே படாத ஒரு தீவு.
அண்ணன் போன நாடு இல்லை.
'அங்கெல்லாம் யாரும்மா போறாங்க?' என்றார் கடைக்காரர்.
அவர் முதுகுக்குப் பின்னால் ரோட்டில்
திருச்செங்கோட்டு வண்டி ஒன்று
டவரைப் படுக்க வைத்துக்கொண்டு போனது.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு.
ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன்.
அறுபத்தோராவது நொடியில்
'சரி வெச்சுடறேன்' என்றாலும்
அது ஒரு முழு நிமிஷம்.
'சரி' என்பதற்கு என்ன விலை என்று
எந்தப் பாடத்திலும் வரவில்லை.

மூன்றாவது கடையில்
செல்லுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த கோகிலவாணிக்கு
என் வயசுதான் இருக்கும்.
நாட்டின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தாள்.
'எங்க சித்தப்பா ஜாம்பியால கம்ப்ரசர் பாக்கறாரு.
இந்த லிஸ்டை யாரும் அடி வரைக்கும் தள்ளிப் பாக்கறதில்லக்கா.'
தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள்.
இருநூற்று ஐம்பத்தொன்று, இருபது நிமிஷம், ஏழு நாள்.
ஒன்பது செட் தட்டுவடை.
வாங்கிவிட்டேன்.

ராத்திரி பத்துக்கு விடுதி மொட்டை மாடி.
ஏற்காட்டு மலையில்
ஒரு வண்டி வெளிச்சம் வளைவில் தெரிந்தது, மறைந்தது,
கொஞ்சம் கீழே மறுபடி தெரிந்தது.

'சாப்ட்டியா.'
'சாப்ட்டேன். நீ?'
'அங்க மழையா?'
என் குரலே ஒரு நொடி கழித்து
என்னிடம் திரும்பி வந்து 'மழையா' என்றது.
அதற்கும் காசு.

'எத்தன அடி போயிருக்கு?'
'நானூத்திப் பத்து. இன்னும் பொகதான் வருது.'
அவன் முதலாளிக்கு அடிக்கு இவ்வளவு,
எனக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு.
தண்ணி வந்தாலும் வராவிட்டாலும்
பில் மாறாது.

எட்டு, ஒன்பது, பதினொன்று.
மேல்மண், சுக்காம்பாறை, அத்தை வீட்டுக் கல்யாணம்,
கேஸ் விலை.
பதினாறாவது நிமிஷத்தில்தான் சொன்னான்,
'மோதிர விரல்ல பாதி போயிடுச்சு புள்ள.
ராடு கழட்டறப்ப. ஆறிடுச்சு.
அம்மாகிட்ட சொல்லிடாத.'

மிஷின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
பேசாத நேரத்தையும் அவர்கள் கழித்துக்கொண்டார்கள்.

'நான் ஒரு பேப்பர்ல அரியர்ணா' என்றேன்.
'எதுல?'
'நிகழ்தகவு.'
சிரித்தான்.
சிரித்து முடிப்பதற்குள் இருபது.

இருப்பு தீர்ந்ததென்று
தமிழில், மரியாதையாக, ஒரு குறுஞ்செய்தி.

பிறகு அவன் எண்ணிலிருந்து மணி அடித்தது.
எடுத்தால் அவனுக்குக் காசு போகும்.
எடுக்கக் கூடாதென்று அவனுக்கும் தெரியும்.
தண்ணித் தொட்டிச் சுவரில் சாய்ந்து
அது அடிக்கிற வரை
அடிக்க விட்டேன்.